அத்தியாயம் 5: பாடத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

காலாண்டுத் தேர்வில் தேர்ச்சி விகிதம் சரிந்தால் பெரும்பாலான பள்ளிகளில் ஒரே வைத்தியம்தான். காலை எட்டரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஐந்தரை வரை ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை சிறுதேர்வு. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் எடுத்து அவர்களைத் தனி வரிசையில் உட்கார வைப்போம். அரையாண்டு வரும்போதும் அதே பிள்ளைகள் அதே வரிசையில் இருப்பார்கள். கூடவே ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பில் போயிருப்பார்.

அந்தப் பட்டியலை எடுப்பதற்கு முன் தலைமை ஆசிரியர் பார்க்க வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியது இந்த அத்தியாயம். அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளிக்காரர்களும் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

மாணவர் நலம் என்றதும் ஷாமியானா போட்டு, பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, வெளியூர்ப் பேச்சாளரின் தன்னம்பிக்கை உரையைக் கேட்க வைப்பது நமக்குப் பழகிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜோசப் டுர்லாக்கும் சக ஆய்வாளர்களும் 2011-இல் 213 பள்ளித் திட்டங்களை, ஏறத்தாழ 2,70,000 மாணவர்களின் விவரங்களோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். கோபம், பயம் போன்ற உணர்வுகளைக் கையாளவும் மற்றவரோடு ஒத்துப்போகவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த திட்டங்கள் அவை. அவற்றால் படிப்பும் உயர்ந்தது. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை பதினொரு இடம் முன்னால் வரும் அளவுக்கு உயர்வு. ஆனால், பள்ளியின் சொந்த ஆசிரியர்களே நடத்திய இடங்களில்தான் படிப்பில் இந்தப் பலன் தெரிந்தது. வெளியாட்கள் வந்து நடத்திவிட்டுப் போன இடங்களில் தெரியவில்லை. ஆகவே பேச்சாளருக்கு ஒதுக்கிய பணத்தைக் கழிப்பறைத் தாழ்ப்பாளுக்குச் செலவழியுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, காரணம் கீழே வருகிறது.

ஒரு பிள்ளை, ஒரு நாள்

முதல் வேலை, ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு பிள்ளையைக் கவனிப்பது. முதல் மதிப்பெண் வாங்குகிறவரும் வேண்டாம், வம்பு செய்கிறவரும் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் நடுவிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

எத்தனை மணிக்கு வந்தாள், வந்ததும் யாரோடு பேசினாள், எப்போது தண்ணீர் குடித்தாள், கழிப்பறைக்குப் போனாளா, அவள் பெயரை ஆசிரியர்கள் எத்தனை முறை சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பில் நடு பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட முடியும். அவள் பெயர் ஒலித்தது வருகைப் பதிவின்போது மட்டும்தான் என்பது மாலையில் குறிப்பைப் பார்க்கும்போது தெரியவரும். எந்தப் படிவத்திலும் இந்தத் தகவலுக்குக் கட்டம் கிடையாது.

வயிறு

பசிக்கும் படிப்புக்கும் உள்ள உறவை நம் மாநிலத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளியில் உணவு கொடுக்கும் வழக்கம் 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவு என்று நூறாண்டுக்கு மேல் வளர்ந்து வந்திருக்கிறது.

காலை உணவு தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குத்தான். அப்படிப்பட்ட ஏற்பாடு உள்ள நடுநிலைப் பள்ளியில் காலை எட்டரைக்குப் போய் நின்று பாருங்கள். தம்பி பொங்கல் சாப்பிடுவான். ஆறாம் வகுப்பு அக்கா அவன் தட்டைப் பிடித்துக்கொண்டும், சாம்பார் சட்டையில் சிந்தாமல் பார்த்துக்கொண்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே நேரத்தில், அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் புறப்பட்டு வந்தவர்கள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்க ஆள் இல்லை.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “காலையில சாப்பிடாதவங்க எல்லாம் கை தூக்குங்க” என்று வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயராது. பதின்மூன்று வயதுக்குப் பசியைவிட மானம் பெரிது. தனியாக, வேறு பேச்சுக்கு நடுவே, “இன்னைக்கு வீட்டுல என்ன டிபன்?” என்று கேளுங்கள். சாப்பிட்ட பிள்ளை “இட்லி டீச்சர்” என்று உடனே சொல்லும். சாப்பிடாத பிள்ளை ஒரு கணம் யோசிக்கும், பிறகுதான் பதில் வரும். மூன்றாவது பீரியடில் மேசையில் தலை சாய்ப்பவர்கள், தலைவலி என்று அடிக்கடி சொல்பவர்கள், மதிய மணிக்கு அரை மணி முன்பு சண்டை பிடிப்பவர்கள் இவர்களையும் கவனியுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். அவர்களிடம் விஷயத்தை வையுங்கள். பதினொரு மணி இடைவேளையில் ஒரு பிடி சுண்டல், ஒரு வாழைப்பழம், ஒரு கடலைமிட்டாய் என்று ஊரிலேயே ஏற்பாடு செய்துவிட முடியும். கொடுத்தால் வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். ‘இல்லாத பிள்ளைகளுக்கு’ மட்டும் கொடுத்தால் நாலாம் நாள் அவர்கள் வாங்க வரமாட்டார்கள். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டிய பிள்ளை அடுத்த வாரம் மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடும்.

தாழ்ப்பாள்

ஒரு மாணவி காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்றால் தாகம் இல்லை என்று அர்த்தமில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று குடிக்காமல் இருக்கிறாள். கட்டடம் இருக்கும், பெயர்ப் பலகை இருக்கும், பதிவேட்டில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்றும் இருக்கும். உள்ளே போனால் தாழ்ப்பாள் உடைந்திருக்கும். ஒரு தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோழி வராத நாளில் மாலை வீடு போகும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீர்த் தொற்று இப்படித்தான் வருகிறது. கடைசி இரண்டு பீரியடில் பாடம் ஏறாததற்கும் இதில் பங்கு உண்டு.

மாதம் ஒருமுறை, பள்ளி நடக்கும் நேரத்தில், தலைமை ஆசிரியை அல்லது மூத்த ஆசிரியை ஒருவர் மாணவிகள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் குவளையும் இருக்கின்றனவா, நாப்கினைப் போட மூடி போட்ட தொட்டி இருக்கிறதா, கதவுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? ஐந்து நிமிட வேலை. ஆண் தலைமை ஆசிரியர் என்றால் இந்தப் பொறுப்பை ஓர் ஆசிரியையிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை வைத்துப் பூட்டிச் சாவியை மாட்டி வைத்திருக்கும் பள்ளிகளில், பிள்ளைகளின் கழிப்பறை எந்த நிலையில் இருக்கிறது என்பது ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை.

நாப்கின் இருக்கும் அலமாரியின் சாவி ஆண் ஆசிரியரிடம் இருக்கக் கூடாது. இதைக்கூட எழுத வேண்டுமா என்று நினைப்பீர்கள், எழுத வேண்டியிருக்கிறது.

வகுப்பின் நடுவே “டீச்சர், பாத்ரூம்” என்று கேட்கும் பிள்ளையை “இப்பதானே இன்டர்வெல் விட்டேன்” என்று உட்கார வைப்பது வழக்கம். ஐந்நூறு பேருக்குப் பத்து நிமிட இடைவேளை போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ்வகுப்புகளுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக விட்டாலே நெரிசல் பாதியாகும். கேரளத்தில் 2019-இல் பிரபலமாகிப் பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்த, தண்ணீர் குடிக்க மணி அடித்து நினைவூட்டும் ‘வாட்டர் பெல்’ நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாழ்ப்பாள் போட்ட பிறகு மணி அடியுங்கள். வரிசை மாறினால் மணி அடிப்பதற்குப் பலன் இருக்காது.

பயம்

47-ஐ 8-ஆல் பெருக்கும் பிள்ளை ஏழெட்டு 56 என்று கண்டுபிடித்து, 6-ஐ எழுதி, மீதி 5-ஐ மனதில் வைத்துக்கொண்டே நாலெட்டை யோசிக்க வேண்டும். மனதில் அப்படி வைத்துக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. ‘தப்பாப் போட்டா சார் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சிடுவாரு’ என்ற எண்ணம் உள்ளே வந்தால் அந்த 5 வெளியே போய்விடும். பிள்ளைக்குக் கணக்கு தெரியாது என்று நாம் முடிவு கட்டுவோம். 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுவதும் 3,79,842 மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் பதற்றத்துக்குக் காரணம் படிப்பு, தேர்வு, முடிவு என்று சொன்னவர்கள் 81 சதவீதம்.

அடி கூடாது என்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் அது தடை செய்கிறது. “அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது, அப்ப எப்படிங்க சார் கட்டுப்படுத்துறது?” என்று பயிற்சிக் கூட்டங்களில் ஆசிரியர்கள் கேட்கும் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். பிரம்பை வாங்கிக்கொண்டோம், பதிலுக்குக் கையில் எதையும் கொடுக்கவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகள் இரைச்சல் போடும் அறையில் நிற்பவருக்குச் சட்டப் பிரிவின் எண் உதவாது.

உதவக்கூடியது இரண்டொன்று இருக்கிறது. தாமதமாக வரும் பையனை வகுப்பு வாசலில் விசாரிக்காமல், ஜாடை காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, இடைவேளையில் தனியே கேட்கலாம். “ஏன்டா தினமும் லேட்டு?” “பால் ஊத்திட்டு வர்றேன் சார். இன்னைக்கு சொசைட்டி வண்டி லேட்டு.” நாற்பது பேர் முன்னால் இந்தப் பதில் வராது, “எழுந்திருக்க லேட்டாயிருச்சு சார்” என்றுதான் வரும். காரணம் தெரிந்த பிறகு முதல் பத்து நிமிடத்தைத் திருப்புதலுக்கு வைத்துக்கொண்டு புதுப் பாடத்தைத் தள்ளித் தொடங்கலாம். இன்னொன்று, விடைத்தாள் கொடுக்கும் முறை. மதிப்பெண்ணை உரக்கப் படித்து, அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாகக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம். பொதுத்தேர்வில் முதலிடப் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. வகுப்பறைக்குள் அது இன்னும் நிற்கவில்லை. தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, எல்லோரும் பொதுவாகத் தவறு செய்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள்.

ஆசிரியர்

இதுவரை சொன்னதெல்லாம் ஆசிரியர் செய்ய வேண்டியவை. அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்காமல் அவர் தலையில் இன்னொரு பொறுப்பை ஏற்றுவதால்தான் பள்ளி நலத் திட்டங்கள் இரண்டாம் பருவத்திலேயே படுத்துவிடுகின்றன.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் எச்சிலில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். வேலையில் சோர்ந்துவிட்டதாகச் சொன்ன ஆசிரியர்களின் வகுப்புகளில் பிள்ளைகளின் காலை நேர அளவு கூடுதலாக இருந்தது. 2016-இல் வெளியான ஆய்வு இது. ஆசிரியர் சோர்வு பிள்ளைகளுக்குத் தொற்றியதா, கடினமான வகுப்பு ஆசிரியரைச் சோர்வாக்கியதா என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை. எப்படியானாலும் ஒரே அறையில் இருவரும் சேர்ந்தே நலமாக இருக்கிறார்கள், அல்லது சேர்ந்தே வாடுகிறார்கள்.

அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகள் ஐந்து. ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் ஒருவர் கையில். அதற்கு நடுவே எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவு, நோட்டுப் புத்தகமும் சீருடையும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது, வங்கிக் கணக்கு விவரம் சேகரிப்பது, வாக்காளர் பட்டியல் வேலை எல்லாம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. ‘இதுவும் கல்விப் பணிதானே’ என்று வரும் வேலைகளுக்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை. வாரம் 45 மணி நேரம் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்வதில் பாடத் தயாரிப்பும் அடக்கம் என்பதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மேலிருந்து வரும் வேலையைத் தலைமை ஆசிரியர் நிறுத்த முடியாது. வடிகட்ட முடியும். வாட்ஸ்அப்பில் ‘மிக மிக அவசரம்’ என்று வரும் செய்தியை அப்படியே ஆசிரியர் குழுவுக்குத் தட்டிவிடுவது சுலபம்; பாடம் நடத்திக்கொண்டிருக்கும் நாலு பேர் உடனே செல்போனைப் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக, வந்த செய்திகளைச் சேர்த்துவைத்து மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை அனுப்புங்கள். பள்ளியிடமே ஏற்கெனவே இருக்கும் விவரத்தை வகுப்பாசிரியரிடம் மறுபடி கேட்காதீர்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அலுவலக அறையிலேயே பதில் எழுதிவிடலாம். பதிவு வேலைக்கு ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு பீரியடைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டாலும் அந்த வேலை நடக்கத்தான் செய்யும், வகுப்பில் பிள்ளைகளுக்கு ‘பாடத்தைப் பார்த்து எழுதுங்க’ என்று சொல்லிவிட்டு. இரவு ஏழு மணிக்கு மேல் குழுவில் செய்தி போடுவதில்லை என்று ஒரு விதி வையுங்கள். முதலில் மீறப் போகிறவர் தலைமை ஆசிரியர்தான்.

வராத ஆசிரியரின் வகுப்பை யார் தலையில் கட்டுகிறோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மறுக்கத் தெரியாத இளம் ஆசிரியையிடமே அது திரும்பத் திரும்பப் போயிருக்கும். புதிதாக வந்தவருக்கு ஊரில் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வகுப்பைக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. குறைந்தது ஒரு பருவத்துக்கு அவரோடு ஒரு மூத்த ஆசிரியரைச் சேர்த்துவிடுங்கள். மேற்பார்வைக்கு அல்ல, டீ குடிக்கும்போது புலம்புவதற்கு.

டீயைச் சும்மா சொல்லவில்லை. ஆசிரியர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச இடம் இல்லாத பள்ளியில் அவரவர் கோபத்தை அவரவர் வகுப்புக்கே எடுத்துக்கொண்டு போகிறார்கள். உடைந்த பெஞ்சும் பழைய விடைத்தாள் கட்டும் அடைத்திருக்கும் அறையைக் காலி செய்து, நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி, கதவு சாத்தக்கூடிய ஒரு கழிப்பறை ஏற்பாடு செய்யுங்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஆசிரியை இருக்கும் பள்ளியில் நாலரைக்கு ஆலோசனைக் கூட்டம் தொடங்காதீர்கள். ஓர் ஆசிரியரைத் திருத்த வேண்டியிருந்தால், பிள்ளைகளுக்குச் சொன்ன அதே விதிதான்: தனியே, கதவு சாத்தி.

ஒரு பிள்ளை மாறும்போது

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று பேச்சை நிறுத்தினால், முழுக்கைச் சட்டை போடாதவள் வெயிலிலும் போட ஆரம்பித்தால், திங்கள்கிழமை மட்டும் வராமல் போனால், வீட்டுக்குப் போகும் மணி அடித்த பிறகும் வகுப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் வகுப்பாசிரியர் கவனிக்க வேண்டும். “என்ன ஆச்சு சொல்லு” என்று நெருக்க வேண்டாம். “ரெண்டு மூணு நாளா நீ நீயா இல்லையே கண்ணு. பேசணும்னு தோணுச்சுன்னா நான் மதியம் இங்கதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு, சொன்னபடி அங்கே இருக்க வேண்டும். அன்றைக்கு வராவிட்டாலும் இன்னொரு நாள் வரலாம்.

பிள்ளை பேசினால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றிய தகவல் வந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆவது பிரிவின்படி அதுவே குற்றம். தம் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பள்ளிக்குள்ளேயே ‘விசாரித்து’, இருதரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி முடிக்கும் வேலைக்குச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளையை நாலு பேர் முன்னால் நாலு தடவை அதையே சொல்ல வைக்காதீர்கள். பெயர் வெளியே போகக் கூடாது.

1098 குழந்தைகள் உதவி எண். 14417 பள்ளிக் கல்வித் துறையுடையது. 14416 மனநல ஆலோசனைக்கு, இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி. இந்த எண்களைத் தலைமை ஆசிரியர் அறையில் ஒட்டிப் பிரயோஜனமில்லை. யாரும் பார்க்காமல் நின்று படிக்கக்கூடிய இடத்தில், கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். 14416 ஆசிரியர்களுக்கும் உரியது என்பதை ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது

எல்லாவற்றையும் ஜூன் மாதமே தொடங்க வேண்டாம். முதல் மாதம் தாழ்ப்பாளும் தண்ணீரும், வாட்ஸ்அப் விதியும் போதும். ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று ஆசிரியர்களுக்கு. காலாண்டு வரை அவை நிலைத்தால் விடைத்தாள் முறையையும் பதினொரு மணிச் சுண்டலையும் சேருங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். திங்கள்கிழமை வருகை எவ்வளவு, மதியத்துக்குப் பிறகு அனுமதி கேட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர், ஆசிரியர்களின் திடீர் விடுப்பு எத்தனை, எந்தக் கழிப்பறை பழுது என்று வாரம் ஒரு வரி எழுதுங்கள். பருவத்துக்கு ஒருமுறை இன்னொரு பிள்ளையை எடுத்துக்கொண்டு அந்த ஒரு நாள் கவனிப்பைத் திரும்பச் செய்து, குறிப்பை அதே நோட்டில் சேருங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் மட்டும் அந்த நோட்டைக் காட்டாதீர்கள். நல்ல மனிதராக இருந்தால் பாராட்டுவார்; அடுத்த மாதம் வட்டாரம் முழுவதற்கும் அது ஒரு படிவமாக வந்து சேரும்.